லேவுக்குப் பறந்து போகிறீர்களா? மூன்றாம் நாள் இரவை முதலில் பாருங்கள்

கேள்வி: டாக்டர், நாங்கள் திருப்பூர். ஜூன் மாதம் குடும்பத்தோடு லடாக் போவதாக இருக்கிறோம். நான் (44), கணவர் (49), கல்லூரியில் படிக்கும் மகன் (19), அப்புறம் என் மாமனார் (68). மாமாவுக்கு பி.பி.யும் சர்க்கரையும் உண்டு; மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது, தினமும் காலையில் நடக்கிறார். மகன் கால்பந்து ஆடுகிறவன். டூர் ஏஜென்ட் தந்த திட்டம்: முதல் நாள் விடிகாலை விமானத்தில் டெல்லியிலிருந்து லே, மதியம் ஊர் சுற்றல். இரண்டாம் நாள் கர்துங் லா கணவாய் வழியாக நுப்ரா பள்ளத்தாக்கு. மூன்றாம் நாள் நுப்ராவிலிருந்து பாங்கோங் ஏரி, ஏரிக்கரைக் கூடாரத்தில் இரவு. நான்காம் நாள் லே, ஐந்தாம் நாள் திரும்புதல். "வண்டியில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கும், பயமே வேண்டாம்" என்கிறார். உயரத்துக்கு டயாமாக்ஸ் மாத்திரை போடு, கற்பூரம் முகர், பூண்டு சாப்பிடு என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் பலமுறை போயிருக்கிறோம், ஒன்றும் ஆனதில்லை. மாமாவை அழைத்துப் போகலாமா?

பதில்: அழைத்துப் போகலாம். அவருடைய மருத்துவர் ஒருமுறை பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இந்தத் திட்டத்தோடு யாரும் போக வேண்டாம். மாமாவை மட்டும் மனதில் வைத்து இதைச் சொல்லவில்லை. எனக்கு அதிகக் கவலை உங்கள் மகனைப் பற்றித்தான்; காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஊட்டி அனுபவம் இங்கே செல்லாது. ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். லே ஊர் சுமார் 3,500 மீட்டர். அதன் விமான நிலையமே 3,256 மீட்டர். தொட்டபெட்டா உச்சியில் போய் நின்றாலும் லே ஓடுதளத்தைவிட 600 மீட்டர் கீழேதான் இருப்பீர்கள். உயரத்தால் வரும் தொல்லை பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் ஆரம்பிக்கிறது என்பதால், நம் மலைகளில் பலருக்கு அது தெரியவே தெரியாது. அதோடு ஊட்டிக்கு மலைப்பாதையில் மெல்ல ஏறிப் போகிறோம். டெல்லி இருப்பதோ கடல் மட்டத்திலிருந்து இருநூற்றுச் சொச்சம் மீட்டர். அங்கே ஏறி உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் மூவாயிரம் மீட்டரைத் தாண்டிய இடத்தில் கதவைத் திறந்து இறக்கிவிடுகிறார்கள்.

லேயில் காற்றில் ஆக்சிஜன் விகிதம் குறைவதில்லை. அங்கும் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் லேயில் இருக்கும். கர்துங் லா கணவாயில் பாதிக்குச் சற்று மேல். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் அதே அளவுக்குக் குறைகிறது. உடனே உடல் வேகமாக மூச்சு வாங்க ஆரம்பிக்கும். அப்படி வாங்கும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறி ரத்தத்தின் காரத்தன்மை கூடிவிடுகிறது. அது கூடினால் மூளை "போதும், மெதுவாக மூச்சு விடு" என்கிறது. சிறுநீரகம் அந்தக் காரத்தை வெளியேற்றிச் சமன்செய்ய இரண்டு மூன்று நாள் ஆகும். இந்த இரண்டு மூன்று நாள் கணக்கை எந்த உடற்பயிற்சியாலும் சுருக்க முடியாது. மாமாவின் காலை நடை அவர் இதயத்துக்கு நல்லது; இந்த வேலையை அது வேகப்படுத்தாது.

இதனால்தான் உயர மருத்துவத்தில் பகலில் எங்கே போனீர்கள் என்பதைவிட ராத்திரி எந்த உயரத்தில் தூங்கினீர்கள் என்று அதிகம் கேட்போம். 3,000 மீட்டருக்கு மேலே போனபின், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் இருந்த இடத்திலேயே தங்க வேண்டும். உலகம் முழுக்க ஏறக்குறைய இதுதான் விதி. லேவுக்கு விமானத்தில் போகிறவர் முதல் நாளே இதை மீறிவிடுகிறார். அதைத் தவிர்க்க முடியாது என்றால், மீறியதற்கான நாட்களை அங்கேயே உட்கார்ந்து கழிக்க வேண்டும். விமானத்தில் வருகிறவர்கள் குறைந்தது 48 மணி நேரம் லேயில் ஓய்வெடுக்க வேண்டும் என்று லடாக் நிர்வாகமும் சொல்கிறது. உங்கள் ஏஜென்ட் இரண்டாம் நாள் காலையிலேயே உங்களை 5,359 மீட்டர் கணவாய்க்கு ஏற்றுகிறார்.

(கர்துங் லாவில் உயரப் பலகை முன்னால் படம் எடுக்காத ஆளில்லை. நெடுநாள் அதில் 18,380 அடி என்று எழுதியிருந்தது. அளந்தால் அது 17,582 அடிதான். படத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பத்து பதினைந்து நிமிடத்தில் கீழே இறங்கிவிடுங்கள்.)

கணவாயைக்கூட விட்டுவிடலாம், ஏனென்றால் வண்டியில் ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிடுகிறீர்கள். நுப்ராவில் திஸ்கித், ஹுந்தர் ஊர்கள் லேயைவிடத் தாழ்வானவை, சுமார் 3,100 மீட்டர். அங்கே தூங்குவது நல்லதுதான். எனக்கு உறுத்துவது மூன்றாம் நாள். பாங்கோங் ஏரி சுமார் 4,250 மீட்டர். ஒரே நாளில் தூங்கும் உயரம் ஆயிரம் மீட்டருக்கு மேல் கூடுகிறது. அதுவும் சமவெளியிலிருந்து வந்து மூன்றாம் இரவில். நுரையீரலில் நீர் கோக்கும் நோய் பெரும்பாலும் புது உயரத்துக்கு வந்த இரண்டாம் இரவுக்கும் நான்காம் இரவுக்கும் இடையில்தான் வரும். அந்த நேரம் பார்த்து நீங்கள் கூடாரத்தில் இருப்பீர்கள்.

இன்னொரு சிக்கலை ஏஜென்ட்கள் சொல்வதே இல்லை. உயர நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது. பாங்கோங்கில் இரவு இரண்டு மணிக்கு மாமாவுக்கு மூச்சு முட்டினால் லேவுக்கு இறங்க, முதலில் சாங் லா கணவாயில் 5,300 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். ஷியோக் ஆற்றோரமாக நுப்ரா பக்கம் இறங்கலாம், ஆனால் அங்கிருந்து லே மருத்துவமனைக்கு வர மறுபடி ஒரு கணவாய். ஏரிக்கும் லேவுக்கும் நடுவே ஏறாமல் இறங்க வழியே கிடையாது. மணாலியிலிருந்து சாலை வழியாக வருகிறவர்கள் சர்ச்சுவில், 4,300 மீட்டர் வாக்கில், கூடாரமடித்துத் தூங்குவதிலும் இதே பொறிதான்: முன்னாலும் கணவாய், பின்னாலும் கணவாய்.

சரி, மாற்றுத் திட்டம். இரண்டு நாள் கூட்ட முடியுமா? முடிந்தால் இப்படிப் போடுங்கள். முதல் நாள் அறையிலேயே ஓய்வு. ஏஜென்ட் போட்டிருக்கும் "மதியம் ஊர் சுற்றல்" வேண்டாம். நன்றாகத்தான் இருக்கிறோம் என்று அன்றைக்குத் தோன்றும், ஏனென்றால் தொல்லை ஆரம்பிக்க ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ஆகும். இரண்டாம் நாள் மாலை கடைவீதியில் மெதுவாக நடை, சாந்தி ஸ்தூபிக்கு வண்டியில். அங்கே ஏறிப் போக ஐந்நூறு படிக்கு மேல் இருக்கிறது, மகன் ஓடி ஏறுவேன் என்பான், விடாதீர்கள். மூன்றாம் நாள் ஷே, திக்சே மடங்கள், அல்லது மேற்கே போய் நிம்மு அருகில் சிந்துவும் ஜான்ஸ்காரும் கலக்கும் இடம், ஆல்ச்சி கோயிலின் பழைய சுவரோவியங்கள். இரவு லேயில். நான்காம் நாள் நுப்ரா போய் அங்கே தங்கல், ஐந்தாம் நாள் திரும்பி லே. ஆறாம் நாள், அதுவரை நான்கு பேரும் தலைவலியில்லாமல் இருந்தால் மட்டும், விடிகாலை கிளம்பி பாங்கோங் பார்த்துவிட்டு இரவுக்குள் லே திரும்பலாம். ஒரு வழிக்கே நான்கைந்து மணி நேரம் ஆகும், அலுப்பான பயணம்தான். மாமாவுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. அன்றைக்கு அவரோடு ஒருவர் லேயில் இருந்துவிடுங்கள்.

ஐந்து நாள்தான் என்றால் ஏரியை விட்டுவிடுங்கள். சினிமாவில் பார்த்த ஏரியைப் பார்க்காமல் வருவதா என்று மகன் கோபித்துக்கொள்வான்தான். கோபித்துக்கொள்ளட்டும்.

முழு ஆரோக்கியமானவர்கள் கேட்டால் விமான நிலையத்திலிருந்து நேரே ஆல்ச்சிக்குப் போய் முதல் இரண்டு இரவு அங்கே தங்கச் சொல்வேன். லேயைவிட நானூறு மீட்டர் தாழ்வு, கூட்டமும் இல்லை. உங்களுக்கு அதைச் சொல்லாததற்குக் காரணம், முதல் இரண்டு இரவு மாமா எஸ்.என்.எம். மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. லேயின் அரசு மருத்துவமனை அது. உயர நோயோடு வருகிறவர்களைப் பார்த்துப் பழகிய இடம். ஸ்ரீநகரிலிருந்து சாலை வழியாகப் போவது உடலுக்கு இன்னும் இணக்கமானது: ஸ்ரீநகர் 1,585 மீட்டர், வழியில் கார்கில் 2,676 மீட்டர், அங்கே ஓரிரவு தங்கி லே. ஆனால் 400 கிலோமீட்டருக்கு மேல் மலைச்சாலை. மாமாவின் முதுகு ஒத்துழைக்குமா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இப்போது மகன் விஷயம். வயதோ வலுவோ இந்த நோயிலிருந்து காப்பாற்றுவதில்லை. 1962 போரை ஒட்டி சமவெளியிலிருந்து இமயத்து உயரங்களுக்கு அவசரமாகக் கொண்டுபோகப்பட்ட வீரர்கள் கூட்டம் கூட்டமாக நோயில் விழுந்தார்கள். அவர்களைப் பார்த்த ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவர் குழுவும் 1,925 பேரைப் பற்றி 1969-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்தத் துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. அத்தனை பேரும் சிப்பாய்கள், உடல் தேர்வில் தேறியவர்கள். இன்றைக்கும் நம் ராணுவம் லே உயரத்துக்கு வரும் வீரரை ஆறு நாள் அங்கேயே பழக்கியபின்தான் மேலே ஏற்றுகிறது. அதிலும் முதல் இரண்டு நாள் ஓய்வு. 12,000 அடிக்கு மேல் இன்னும் நான்கு நாள், 15,000 அடிக்கு மேல் மறுபடி நான்கு நாள். உங்கள் மகனுக்கு ஏஜென்ட் தந்திருப்பது ஓரிரவு. மாமா மூச்சு வாங்கினால் தானாக உட்கார்ந்துவிடுவார். பத்தொன்பது வயதுப் பையன் உட்கார மாட்டான், தலைவலியையும் சொல்ல மாட்டான். அதிக உழைப்பு நுரையீரலில் நீர் கோப்பதைத் தூண்டும் காரணங்களில் ஒன்று.

மாமாவுக்கு வருவோம். மேலே போன முதல் நாட்களில் ரத்த அழுத்தம் சற்று ஏறும். கட்டுக்குள் இருப்பவருக்கு அது பெரும்பாலும் பெரிய பிரச்சினை ஆகாது. வழக்கமான மாத்திரைகளை நிறுத்தக் கூடாது. கிளம்ப மூன்று நான்கு வாரம் முன்பே மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டோடு போங்கள். ஈ.சி.ஜி. எடுத்து, படியேறும்போது நெஞ்சில் இறுக்கம் வருகிறதா என்று அவர் கேட்கட்டும். வருகிறது என்றால் இந்தப் பயணம் அதைப் பரிசோதித்து முடித்த பிறகுதான். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் போல சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரையோ, பி.பி.க்கு நீர் பிரியும் மாத்திரையோ இருந்தால் அதைத் தனியாகச் சுட்டிக்காட்டுங்கள். டயாமாக்ஸும் நீர் பிரிக்கும் மருந்து. சேர்த்துப் போட்டால் உடலில் நீரும் பொட்டாசியமும் குறையலாம். சர்க்கரை பார்க்கும் கருவி கடுங்குளிரிலும் உயரத்திலும் தப்பாகக் காட்டக்கூடும், அதைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். சளி, காய்ச்சல், நெஞ்சுச்சளியோடு யாரும் விமானம் ஏறக் கூடாது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வரி: சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் தங்கள் மருத்துவரைப் பார்க்காமல் டிக்கெட் போட வேண்டாம்.

டயாமாக்ஸ் (அசெட்டாசோலமைட்) போடலாமா? விமானத்தில் நேரே லே போகிறவர்களுக்கு நான் பெரும்பாலும் சிபாரிசு செய்வேன். சிறுநீரகம் இரண்டு மூன்று நாளில் செய்யும் வேலையை அது சீக்கிரம் செய்ய வைக்கிறது. வழக்கமான அளவு 125 மில்லிகிராம் காலை, மாலை. கிளம்புவதற்கு முந்தின நாள் தொடங்கி லே போய் இரண்டு நாள் வரை. நம்மூரில் 250 மாத்திரைதான் எளிதாகக் கிடைக்கும், பாதியாக்கிக்கொள்ளலாம். சல்ஃபா மருந்துக்கு ஒவ்வாமை இருந்தவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். விரல் நுனி கூச்சமெடுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா சப்பென்று இருக்கும், பயப்பட வேண்டாம். மாமாவுக்கு அவர் மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும். வீட்டிலேயே ஓரிரு நாள் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. மாத்திரை போட்டாயிற்று என்று ஓய்வைக் குறைக்கக் கூடாது.

கற்பூரத்துக்கு ஆக்சிஜனைக் கூட்டும் சக்தி எதுவும் இல்லை. மூக்கில் குளிர்ச்சி தெரிவதால் மூச்சு திறந்த மாதிரி தோன்றும், அவ்வளவுதான். வாயில் போட்டால் விஷம். பூண்டை ரசமாகவோ சூப்பாகவோ சாப்பிடுங்கள், ருசிக்காக. தினம் ஐந்து லிட்டர் தண்ணீர் குடி என்று யாராவது சொல்வார்கள், அதுவும் வேண்டாம். தாகத்துக்குக் குடித்து, சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும்.

வண்டியில் இருக்கும் ஆக்சிஜன் சிலிண்டர் இறங்கும் வழியில் உயிர் காக்கும். மேலே தங்க வைப்பதற்கு அது அனுமதிச் சீட்டு கிடையாது. சிலிண்டரின் அளவு என்ன, முகமூடி இருக்கிறதா, ஓட்டுநருக்குத் திறக்கத் தெரியுமா என்று ஏஜென்டிடம் கேளுங்கள். கடையில் விற்கும் சின்ன ஸ்பிரே டப்பா சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பல வீடுகளில் சும்மா கிடக்கிறது. கொண்டு போங்கள், ஆனால் அதில் 88 என்று பார்த்து அலற வேண்டாம். லேயில் புதிதாக வந்தவருக்கு எண்பதுகளின் கடைசியும் தொண்ணூறின் தொடக்கமும் சாதாரணம். ஒரே அறையில் நால்வருக்கும் பார்த்து, ஒருவருக்கு மட்டும் மற்றவர்களைவிட ரொம்பக் குறைவாக இருந்தால் அவரைக் கவனியுங்கள். ராத்திரி தூக்கத்தில் பக்கத்திலிருப்பவர் மூச்சு சில நொடி நின்று மறுபடி வேகமாக வருவதைப் பார்த்து நீங்கள் பயந்து போகலாம். அந்த உயரத்தில் அது சகஜம். அதற்காகத் தூக்க மாத்திரை வேண்டாம். முதல் நாட்களில் மதுவும் வேண்டாம், உங்கள் கணவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இனி ஆபத்தை அடையாளம் காண்பது. தலைவலி, குமட்டல், பசியின்மை, அசதி, தலைச்சுற்றல் இவை லேசாக இருந்தால் அன்றைக்கு ஏறக் கூடாது. பாராசிட்டமால் போட்டு ஓய்வெடுத்தால் ஓரிரு நாளில் சரியாகும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இருமல் கூடிக்கொண்டே போவது, நுரையோடு சளி, முந்தின நாள் நடந்த தூரத்தை இன்று நடக்க முடியாமல் போவது: இது நுரையீரல். தள்ளாட்டம், குழப்பமான பேச்சு, எழுப்பினால் சரியாக விழிக்காமை: இது மூளை வீக்கம். தரையில் நேர்கோட்டில் குதிகாலை அடுத்த கால் விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆக்சிஜன் வைத்து அந்த நிமிடமே மருத்துவமனைக்கு, அல்லது கீழே.

நம் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைகள் செலவு செய்து கூட்டி வந்திருக்கிறார்கள், நம்மால் கெட வேண்டாம் என்று "எனக்கொன்றுமில்லை" என்பார்கள். அதனால் மாமாவிடம் "நன்றாக இருக்கிறீர்களா" என்று கேட்காதீர்கள். காலை உணவில் எவ்வளவு மிச்சம் வைத்தார் என்று பாருங்கள், குளியலறைக்குப் போய் வரும்போது எப்படி நடக்கிறார் என்று பாருங்கள். கிளம்பும் முன்பே எல்லோரும் உட்கார்ந்து பேசி, யாருக்கு முடியவில்லை என்றாலும் எல்லோரும் நிறுத்துவோம், யாரும் குறை சொல்ல மாட்டோம் என்று மகன் வாயாலேயே மாமாவிடம் சொல்ல வையுங்கள்.

சில்லறை விஷயங்கள். சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ இரவு விமானம் ஏறி, டெல்லி விமான நிலையத்தில் தூங்காமல் உட்கார்ந்து, விடிகாலை லே விமானம் பிடிக்காதீர்கள். டெல்லியில் ஓரிரவு தூங்குங்கள். லேயில் தரைத்தள அறை கேளுங்கள். அங்கே தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது; ஆகவே சாம்பாரைத் தேடாமல் துக்பாவும் (நூடுல்ஸ் சூப்) கம்பீர் ரொட்டியும் சாப்பிடப் பழகுங்கள், சைவத்திலும் கிடைக்கும். வெயில் கடுமையாக இருக்கும், கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் நால்வருக்கும் வேண்டும். மழை குறைந்த, தண்ணீர் அரிதான ஊர். வாளிக் குளியல் போதும், அதுவும் முதல் நாள் தேவையில்லை. நம்மூர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாமல் போகலாம், ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இணைப்பு இருக்கட்டும். வானிலை கெட்டால் லே விமானங்கள் ரத்தாகும். மாமாவின் மாத்திரைகளை ஐந்து நாளுக்குக் கூடுதலாக எடுத்து, கைப்பையில் வையுங்கள்.

இந்தப் பதிலை ஏஜென்டிடம் காட்டி, மூன்றாம் நாள் பாங்கோங் தங்கலை எடுத்துவிடச் சொல்லுங்கள். முடியாது என்றால் வேறு ஏஜென்டைப் பாருங்கள். ஜூனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.